காற்றும் கூட்டுறவும்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால், வட கடலுக்கும் பால்டிக் கடலுக்கும் இடையே அமைந்துள்ளது டென்மார்க்கு. ஜட்லாந்து என்னும் தீவக்குறையும் நானூற்றுக்கு மேற்பட்ட தீவுகளும் சேர்ந்ததே அந்நாடு. அதன் மிக உயர்ந்த மேடும் கடல்மட்டத்திலிருந்து 171 மீட்டர் உயரமே உடையது. மலையில்லாமையால் அருவியில்லை, அருவியில்லாமையால் நீர்விசையைக் கொண்டு மின்சாரம் எடுக்க வழியில்லை. மண்ணுக்கு அடியில் நல்ல நிலக்கரியும் இல்லை. வட கடலின் அடியிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும் 1972ஆம் ஆண்டிலேதான். எனினும் ஒரு பொருள் மட்டும் அந்நாட்டில் என்றும் குறைவின்றி இருந்தது. மேற்கேயுள்ள கடலிலிருந்து தடையின்றி வீசும் காற்றே அது. நாட்டின் எவ்வூரும் கடற்கரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால் இல்லையாதலின், அக்காற்று எட்டாத இடமே அங்கு இல்லை எனலாம்.

இக்காற்றிலிருந்து டென்மார்க்கு இன்று தன் மின்சாரத்தில் பாதியளவைப் பெறுகின்றது; சில ஆண்டுகளில் பாதிக்கும் மேலாகவே பெறுகின்றது. இவ்வளவு பெரும் பங்கைக் காற்றிலிருந்து பெறும் நாடுகள் உலகில் மிகச் சிலவே. இதனை விஞ்ஞானிகளும் அரசினரும் மட்டும் செய்து முடித்ததாக எண்ணுதல் பிழை. உழவர், தச்சர், கொல்லர், பள்ளியாசிரியர் ஆகிய எளிய மக்களே இதில் முதற்படிகளை அமைத்தனர். அவர்களுக்கு அத்துணிவு எங்கிருந்து வந்தது? அதன் வேரைக் காண வேண்டுமாயின், காற்றை விட்டுச் சிறிது நேரம் பால் வாணிகத்துக்குச் செல்லவேண்டும்.

1864ஆம் ஆண்டில் டென்மார்க்கு, பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் பொருது தோற்றது. ஷிலெஸ்விக், ஹோல்ஸ்டைன் ஆகிய வளமிக்க தென்பகுதிகள் கைவிட்டுப் போயின. அவ்வடு ஆறுமுன்னரே, அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவில் வந்து இறங்கிற்று. தானியம் விற்றுப் பிழைத்த டேனிய உழவர் திகைத்தனர். அவர்கள் தானிய விளைவைச் சுருக்கிக்கொண்டு, மாடு வளர்த்து வெண்ணெய் எடுத்து விற்கும் தொழிலில் இறங்கினர். ஆனால், பாலிலிருந்து ஆடையை விரைந்து பிரிக்கும் புதிய இயந்திரம் விலை மிக்கது. இரண்டு மாடும் நான்கு மாடும் வைத்திருப்பவர் தனியே அதனை வாங்க இயலுமா? 1882ஆம் ஆண்டில் ஜட்லாந்தின் மேற்கிலுள்ள யெடிங் என்னும் சிற்றூரில் உழவர் பலர் கூடித் தம் பொதுப் பொறுப்பில் ஒரு பால் நிலையத்தை நிறுவினர். அதுவே டென்மார்க்கின் முதற் கூட்டுறவுப் பால் நிலையம். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அத்தகைய நிலையங்கள் ஊர்தோறும் எழுந்தன.

அந்நிலையங்களில் ஒரு நெறி இருந்தது. நூறு மாடு உடையவருக்கும் ஒரு மாடு உடையவருக்கும் கூட்டத்தில் ஒரே வாக்குத்தான். மாடுகளின் தலையை எண்ணுவதில்லை. மனிதரின் தலையையே எண்ணினர். இலாபமோ ஊற்றிய பாலின் அளவுக்கு ஏற்பப் பகிரப்பட்டது. பொருளில் ஏற்றத்தாழ்வு இருப்பினும் பேச்சுரிமையில் ஏற்றத்தாழ்வு இல்லை என்னும் இப்பழக்கம் இரண்டு மூன்று தலைமுறைகளில் அந்நாட்டவர் உள்ளத்தில் ஊறிவிட்டது. பின்னாளில் காற்றாலைகள் வந்தபோது அவர்கள் புதிய முறை எதனையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டன் பால் ஊற்றிய முறையிலேயே பேரன் காற்றைப் பங்கிட்டுக்கொண்டான்.

கல்வியும் இதற்குத் துணை நின்றது. குருண்ட்விக் என்னும் அறிஞர், நாட்டுப்புற இளைஞர்க்குத் தேர்வும் பட்டமும் இல்லாத உயர்நிலைப் பள்ளிகள் வேண்டுமெனப் போராடினார். 1844ஆம் ஆண்டு முதல் அத்தகைய மக்கள் பள்ளிகள் தோன்றின. அவற்றுள் ஒன்று ஆஸ்கோவ் என்னும் ஊரில் இருந்தது. அங்கே 1878ஆம் ஆண்டில் ஆசிரியராகச் சேர்ந்தவர் போல் லா கூர் என்பவர். அவர் வானிலை ஆராய்ச்சியில் பயின்றவர். தந்தித் துறையில் புதியன கண்டவர். நகரங்களில் அப்போது மின்விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவ்வொளி சிற்றூர்களுக்கு எட்டாமற்போனால், இளைஞர் எல்லாரும் ஊரைவிட்டு நகரத்துக்கு ஓடிவிடுவர் என அவர் அஞ்சினார். அவ்வச்சத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை.

1891ஆம் ஆண்டில், அரசினர் அளித்த பொருளுதவியைக் கொண்டு, லா கூர் பள்ளியருகே ஒரு காற்றாலை அமைத்து அதனால் மின்சாரம் எடுத்தார். ஓர் இடையூறு உடனே எதிர்ப்பட்டது. காற்று தன் விருப்பம்போல் வீசுவது. விளக்கோ மனிதர் விருப்பம்போல் எரியவேண்டுவது. காற்றுள்ளபோது எடுத்த ஆற்றலைக் காற்றில்லாதபோதைக்குச் சேமிப்பது எங்ஙனம்? லா கூர் அம்மின்சாரத்தை நீரில் செலுத்தி, நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்தார். ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்துவைத்துப் பள்ளியின் விளக்குகளை எரித்தார். வாயுக்கள் சிறிது கலந்துவிட்ட நாட்களில் வெடி நேர்ந்து, பள்ளிச் சன்னல்களின் கண்ணாடிகள் சிதறியதும் உண்டு. சேமிப்பென்னும் இச்சிக்கல் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் முழுதும் தீர்ந்துவிடவில்லை. காற்றின் மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுக்கும் முயற்சி இன்று பல நாடுகளில் மீண்டும் நடைபெறுகின்றது.

லா கூர் மற்றொன்றும் செய்தார். காற்றுக்குழாய் ஒன்றில் சிறு சிறகுகளை வைத்துச் சுழலவிட்டு, அகன்ற சிறகுகள் பல இருப்பதினும் விரைந்து சுழலும் சிறகுகள் சில இருப்பதே மின்சாரம் எடுப்பதற்கு ஏற்றது என்று கண்டார். கண்டதைத் தமக்கென மறைத்து வைக்கவில்லை. 1904ஆம் ஆண்டு முதல் சிற்றூர் இளைஞர்க்கு மின்தொழில் வகுப்பு நடத்தினார். அவ்வகுப்பில் பயின்றவர் தத்தம் ஊர் சென்று சிறு மின்நிலையங்களை அமைத்தனர். 1908ஆம் ஆண்டில் லா கூர் மறைந்தார். பத்தாண்டு கழித்து நோக்கியபோது, நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர் நிலையங்கள் காற்றால் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தன.

அவர்தம் மாணாக்கருள் ஒருவர் ஜோஹானஸ் யூல். இவர் முதுமையில் தம் ஆசிரியரின் பணியை மீண்டும் தொடர்ந்தார். 1957ஆம் ஆண்டில் நாட்டின் தென்கோடியிலுள்ள கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் ஆற்றலுள்ள காற்றாலையை அமைத்தார். மூன்று சிறகுகள்; காற்று முகத்தை நோக்கிய நிலை; வேகம் அளவு மீறினால் தாமே திரும்பித் தடையாகும் சிறகு நுனிகள். இன்று உலகெங்கும் காணப்படும் மூன்று சிறகுக் காற்றாலைகளுக்கு இதுவே முன்னோடி. பத்தாண்டுக் காலம் அது பெரும் பழுதின்றி ஓடிற்று. ஆயினும் 1967ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அரபு நாட்டு எண்ணெய் அத்துணை மலிவாகக் கிடைத்தபோது, காற்றைத் தேடுவார் யார்?

எண்ணெயும் நிலக்கரியும் மலிவு என்பது கடைக்கணக்கு. அக்கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அவை எரியும்போது எழும் கரியமில வாயு, ஞாயிற்றின் ஒளியைத் தடுக்காமல் உள்ளே விட்டு, நிலம் வெளியிடும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையது. இவ்வியல்பை ஜான் டிண்டால் 1859ஆம் ஆண்டளவிலேயே சோதனையால் மெய்ப்பித்தார். லா கூர் ஆஸ்கோவில் காற்றாலையோடு போராடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, அண்டை நாடாகிய ஸ்வீடனில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் என்னும் அறிஞர், காற்றிலுள்ள கரியமில வாயு பெருகினால் உலகின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று 1896ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். கடலின் இருமருங்கும் நிகழ்ந்த இவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று நாடின என்பது அன்று எவருக்கும் தெரியாது. தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வாயு, 1958ஆம் ஆண்டில் 315 ஆயிற்று. 2024ஆம் ஆண்டில் 420ஐக் கடந்தது. உலகின் சராசரி வெப்பமும் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கடல்மட்டம் உயர்கின்றது, மழை தன் பருவம் தவறுகின்றது.

ஆனால், டென்மார்க்கு மக்களைத் தட்டியெழுப்பியது தட்பவெப்பம் பற்றிய கவலை அன்று, எண்ணெய்த் தட்டுப்பாடே. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. எண்ணெய் விலை சில திங்களுக்குள் நான்கு மடங்காயிற்று. டென்மார்க்கு தனக்கு வேண்டிய ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கை இறக்குமதி எண்ணெயிலிருந்தே பெற்றுவந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் மோட்டார் வண்டிகளை ஓட்டலாகாது என்று ஆணை பிறந்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் குடும்பங்கள் மிதிவண்டியிலும் காலாலும் உலாவின. வீட்டை வெப்பப்படுத்தாமல் வாழ இயலாத பனிநாட்டில் அவ்வாண்டுக் குளிர்காலம் எவரும் எளிதில் மறக்கக்கூடியதாக இல்லை.

அணுமின் நிலையங்களை எழுப்புவதே வழி என்று அரசினரும் மின்கழகங்களும் கருதினர். மக்களுள் பலர் அதனை ஏற்கவில்லை. வேண்டா என்று மறுப்பதோடு நில்லாமல், வேறு வழி உண்டு என்று காட்டவும் முனைந்ததே அவர்களின் தனிச் சிறப்பு. கிறிஸ்தியன் ரீசாகர் என்னும் தச்சர், யூலின் காற்றாலையைப் பின்பற்றிச் சிறிய காற்றாலை ஒன்றைத் தாமே அமைத்து, எழுபதுகளின் நடுவில் அதனை மின்கம்பியோடு இணைத்தார். ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்னும் இளைஞரும் ஒரு கொல்லரும் கூடி வகுத்த அமைப்பை, உழவுத்தொழிற் கருவிகளும் பாரந்தூக்கிகளும் செய்துவந்த வெஸ்டாஸ் என்னும் நிறுவனம் 1979ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ட்விண்ட் என்னுமிடத்தில் ஆசிரியர்களும் தொண்டர்களும் சேர்ந்து, 54 மீட்டர் விட்டமுள்ள சிறகுச் சக்கரத்தோடு பெருங்காற்றாலை ஒன்றை மூன்றாண்டு உழைத்து 1978ஆம் ஆண்டில் எழுப்பினர். அணுமின் நிலையங்களை நாட்டின் திட்டத்தில் சேர்ப்பதில்லை என்று டேனியப் பாராளுமன்றம் முடிவு செய்தது 1985ஆம் ஆண்டில்.

அதே காலத்தில் ஜெர்மனி, பெரும் நிறுவனங்களைக் கொண்டு மூன்று மெகாவாட் காற்றாலை ஒன்றை ஒரே தாவலில் அமைத்தது. அது சில நூறு மணி நேரமே ஓடிப் பின்னர்ப் பிரிக்கப்பட்டது. டேனியத் தச்சரும் கொல்லரும் 22 கிலோவாட்டில் தொடங்கி, 55 கிலோவாட்டுக்கு ஏறி, ஒவ்வொரு படியிலும் உடைந்ததைத் திருத்திக்கொண்டே சென்றனர். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆதலின் இளங்காற்றில் இனிதே சுழலும் பொறி புயலில் தூள்தூளாவது இயல்பு. ஏட்டில் எழுதிய கணக்கைவிட, ஒரு குளிர்காலப் புயலைத் தாங்கிய பட்டறிவே அங்குப் பெரிதாயிற்று.

அப்பட்டறிவு எல்லாருக்கும் பொதுவானதற்கு ஒரு காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டில் காற்றாலை உடையோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். எந்த நிறுவனத்தின் காற்றாலை அத்திங்களில் எத்தனை யூனிட் மின்சாரம் தந்தது, எது பழுதுற்றது, எதனாற் பழுதுற்றது என்று தம் இதழில் அவர்கள் வெளியிட்டனர். வாங்குவோர் அதனைப் பார்த்தே வாங்கினர். தீய பொறி செய்தவர் தம் குறையை மறைக்க இயலவில்லை; நல்ல பொறி செய்தவர்க்கு விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று காக்கும்படி இரண்டு தனித்தனித் தடைகள் ஒவ்வொரு காற்றாலையிலும் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியவர்களும் இவர்களே. அரசினர் ரீசோ என்னுமிடத்தில் சோதனை நிலையம் நிறுவினர். அங்குத் தேறிய காற்றாலைக்கு, விலையில் நூற்றுக்கு முப்பது பங்கை 1979ஆம் ஆண்டு முதல் உதவியாக அளித்தனர். அவ்வுதவி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989ஆம் ஆண்டில் நின்றது.

ஒரு காற்றாலையை ஒரு குடும்பம் வாங்குவது அரிது. ஆகவே ஊரார் கூடிப் பங்கு போட்டனர். ஓர் ஆண்டில் 1,000 யூனிட் மின்சாரம் தரும் ஆற்றல் ஒரு பங்கு எனக் கணக்கிடப்பட்டது. ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு வேண்டுவதைவிடச் சிறிதளவே மிகுதியாகப் பங்கு வாங்கலாம். காற்றாலைக்கு அணித்தே வாழ்வோர்தாம் வாங்கலாம் என்று தொடக்க காலத்தில் விதிகள் இருந்தன. ஒருவரே நூறு பங்கு வாங்கி ஊரை ஆள்வதற்கு அவ்விதிகள் இடந்தரவில்லை. சங்கம் தன் பெயரில் கடன் வாங்குவதில்லை. வேண்டிய உறுப்பினர் தம் பங்கை ஈடாக வைத்துத் தாமே வங்கியில் கடன் பெறுவர். ஆதலின் ஒருவர் நொடித்தால் மற்றவர் தலையில் சுமை விழவில்லை. எடுத்த மின்சாரம் பொதுக் கம்பியில் சேர்ந்தது; மின்கழகம் அதற்கு விலை கொடுத்தது; அவ்விலை பங்குக்கேற்பப் பிரிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டளவில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட டேனியக் குடும்பங்கள் இவ்வாறு காற்றாலைப் பங்குடையனவாக இருந்தன.

நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படும். ஆகவே ஐந்து பங்குடைய குடும்பம், நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றாக ஆண்டுக்கு 5,000 யூனிட் அளித்து, ஏறத்தாழ ஐந்து டன் வாயு எழாமல் தடுத்ததாகும். பங்குக்குப் பணம் கொடுத்தவருள் பலர் இக்கணக்கைப் பார்த்துக் கொடுத்தவர் அல்லர். ஆண்டு வருவாயைப் பார்த்தே கொடுத்தனர். அதில் இழுக்கொன்றும் இல்லை. நல்ல செயல் நட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

காற்றாலையை எதிர்த்தோரும் இருந்தனர். வானில் உயர்ந்து சுழலும் சிறகுகள் காட்சியைக் கெடுக்கின்றன என்பது ஒரு குறை. அவற்றின் ஓசையும், வீட்டின்மேல் விழுந்து விழுந்து அசையும் நிழலும் மற்றொரு குறை. இவை பொய்யல்ல. ஆயினும் வெளியூரார் நட்ட காற்றாலையின் ஓசை உறக்கத்தைக் கெடுப்பதும், தம் பங்குள்ள காற்றாலையின் ஓசை காதில் விழாமலே போவதும் எங்கும் காணப்பட்டன. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது காற்றாலைக்கும் பொருந்தும் போலும். தலைநகராகிய கோபன்ஹேகனை அடுத்த கடலில், மிடல்குருண்டன் என்னும் ஆழமற்ற திட்டில் காற்றாலைகள் அமைக்க எண்ணியபோது, முதலில் 27 காற்றாலைகளை மூன்று வரிசையில் நிறுத்தத் திட்டமிட்டனர். மக்கள் மறுத்துரைத்தனர். பின்னர் 20 காற்றாலைகளை வில்போல் வளைந்த ஒரே வரிசையில் நிறுத்துவதென முடிவாயிற்று. 2000ஆம் ஆண்டில் அவை எழுந்தன. அவற்றுட் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியதாயிற்று.

இவை யாவற்றினும் புகழ் பெற்றது சாம்சோ என்னும் தீவு. ஜட்லாந்துக்குக் கிழக்கேயுள்ள அத்தீவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழ்கின்றனர். உருளைக்கிழங்கும் பன்றி வளர்ப்பும் அவர்தம் தொழில். 1997ஆம் ஆண்டில் டேனிய அரசினர், முற்றிலும் மாளாத ஆற்றல்களைக் கொண்டே பத்தாண்டுக்குள் வாழக்கூடிய தீவு எது என்று ஒரு போட்டி வைத்தனர். சாம்சோவின் திட்டம் வென்றது. பரிசுத்தொகை ஏதும் இல்லை. பெயர் மட்டுமே பரிசு. அத்திட்டத்தைத் தீட்டிய பொறியியலாரும் தீவில் வாழ்ந்தவர் அல்லர். செய்தி கேட்ட தீவினர் தோளைக் குலுக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் சென்றனர். இறைச்சிச் சாலை மூடப்படுவதும் வேலையிழப்புமே அந்நாட்களில் அவர்கள் கவலை.

அவ்வூர் உழவர் குடியிற் பிறந்தவரும் ஆசிரியராக இருந்தவருமாகிய சோரன் ஹெர்மான்சன் என்பவர் இப்பணியை மேற்கொண்டார். எவ்விடத்தில் எதற்காகக் கூட்டம் கூடினும் அங்குச் சென்று, தமக்கும் சிறிது நேரம் கேட்டுப் பேசினார். உலகைக் காப்போம் வாருங்கள் என்று அவர் அழைக்கவில்லை. வீட்டை வெப்பப்படுத்த எண்ணெய் வாங்கும் பணம் ஆண்டுதோறும் கப்பலேறித் தீவைவிட்டுப் போகின்றதே, அது இங்கேயே தங்கினால் எவருக்கு வேலை கிடைக்கும் என்று வினவினார். குழாய் பொருத்துவோரும் கொல்லரும் முதலில் செவி சாய்த்தனர். அவர்களைப் பார்த்து மற்றவர் வந்தனர். சிற்றூரில் பெருமக்கள் சிலர் இசைந்துவிட்டால் ஊரே இசைந்ததாகும் என்பது டென்மார்க்குக்கு மட்டும் உரியதன்று.

2000ஆம் ஆண்டில் தீவின் நிலத்தில் ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட் ஆற்றலுள்ள 11 காற்றாலைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்பது தனி உழவர்களுடையன. இரண்டு கூட்டாகப் பங்கு வாங்கியோருடையன. இவை தீவுக்கு வேண்டிய மின்சாரம் முழுதுக்கும் போதும். ஆனால் மோட்டார் வண்டிகளும் கப்பலும் எரிக்கும் எண்ணெய்க்கு என் செய்வது? அதற்கு ஈடு செய்வதற்காகவே, தீவின் தென்கடலில் 2.3 மெகாவாட் காற்றாலைகள் பத்து நிறுத்தப்பட்டன. அவற்றுள் ஐந்தினைத் தீவின் நகராட்சியே வாங்கிற்று. நாலாயிரம் மக்களின் நகராட்சிக்கு அது சிறிய துணிவன்று. அவ்வைந்தினால் வரும் வருவாயை மேலும் ஆற்றல் பணிகளிலேயே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது.

வெப்பத்துக்கு வேறு வழி கண்டனர். அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் வைக்கோலை ஒரு பொது அடுப்பில் எரித்து நீரைக் கொதிக்கவைத்து, நிலத்தடிக் குழாய் வழியே வீடுதோறும் செலுத்தினர். அத்தகைய நிலையங்கள் மூன்று. மரத்துண்டுகளாலும் ஞாயிற்றின் வெப்பத்தாலும் இயங்குவது ஒன்று. வைக்கோலை விற்ற உழவருக்கு வருவாய் கிடைத்தது. எரிந்த சாம்பல் மீண்டும் வயலுக்கு எருவாயிற்று. குழாய் எட்டாத தனி வீட்டார் சிலர் கூரையில் ஞாயிற்று வெப்பப் பலகைகளைப் பொருத்தினர். சிலர் சுவர்களைக் குளிர் புகாதவாறு அடைத்தனர்.

குறித்த பத்தாண்டு முடியுமுன்னரே, தீவு செலவிடும் ஆற்றலைவிட அங்கு எடுக்கப்படும் மாளாத ஆற்றல் மிகுந்தது. இக்கணக்கு ஆண்டு முழுதுக்குமான கணக்கு என்பதை மறத்தலாகாது. காற்று வீசாத நாளில் பெருநிலத்திலிருந்து கடலடிக் கம்பி வழியே மின்சாரம் வரத்தான் செய்கின்றது. காற்று மிக்க நாளில் அதே கம்பி வழியே தீவின் மின்சாரம் வெளியே போகின்றது. வண்டிகள் பலவும் எண்ணெயையே எரித்துவந்தன. 2015ஆம் ஆண்டில் வந்த புதிய கப்பலும் திரவமாக்கிய இயற்கை வாயுவால் ஓடுவதாகவே இருந்தது. தீவின் கழிவிலிருந்து எடுக்கும் சாண எரிவாயுவால் அதனை ஓட்டும் எண்ணம் உடனே கைகூடவில்லை. நாடு முழுதுக்கும் நிலை இதுவே. காற்று ஓய்ந்தபோது நார்வேயின் அருவி மின்சாரமும் ஸ்வீடனின் மின்சாரமும் டென்மார்க்குக்குக் கைகொடுக்கின்றன. அண்டை வீட்டாரின் உறவு இல்லையேல், பாதி மின்சாரத்தைக் காற்றிலிருந்து பெறுதல் அரிதினும் அரிதாகும்.

இவ்வளவும் படித்தபின், டென்மார்க்கில் கூட்டுறவு நாளுக்கு நாள் வளர்ந்தது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. காற்றாலைகள் பெருத்தன. தச்சர் அமைத்த 22 கிலோவாட் எங்கே, இன்று கடலில் நிற்கும் பத்து மெகாவாட்டுக்கும் மேற்பட்ட பொறி எங்கே! ஒரு காற்றாலையின் விலை ஊரார் கூடியும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. ஏறத்தாழ 2000ஆம் ஆண்டையொட்டி, நிலையான விலை கொடுக்கும் பழைய முறையும் மாறிற்று. சிறு சங்கங்கள் தம் பழைய காற்றாலைகளை விற்றுக் கலைந்தன. பெரும் நிறுவனங்கள் அவ்விடத்துக்கு வந்தன. காற்றாலை ஊருக்கு வெளியாருடையது ஆனவுடன் எதிர்ப்பும் வலுத்தது. 2009ஆம் ஆண்டில், நிலத்தில் புதிய காற்றாலை அமைப்போர் பங்குகளில் ஐந்தில் ஒரு கூற்றை அண்டையில் வாழ்வோருக்கு முதலில் அளிக்கவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. பதினோராண்டு கழித்து அவ்விதி நீங்கி, அண்டை வீட்டாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும் முறை வந்தது. தொகை பெறுபவரும் பங்குடையவரும் ஒரு தரத்தார் அல்லர். பங்குடையவருக்கே கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை உண்டு. 1990ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட, 2030ஆம் ஆண்டுக்குள் பசுங்குடில் வாயுக்களை நூற்றுக்கு எழுபது பங்கு குறைப்பதென டென்மார்க்கு 2020ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியுள்ளது. அவ்விலக்கை விரைந்து எய்தப் பெரும் நிறுவனங்களே ஏற்றவை என்பாரும், மக்கள் உடன்படாவிடில் விரைவு தடைப்படும் என்பாரும் அங்கு இன்றும் வழக்காடுகின்றனர்.

டேனியர் கற்ற தொழில் தமிழகத்துக்கும் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் தென்மேற்குப் பருவக்காற்று ஒடுங்கி விரைந்து வீசுவதால், அவற்றின் கிழக்குப் பகுதிகள் காற்றாலைக்கு மிகவும் ஏற்றவை. 1990ஆம் ஆண்டையொட்டி, கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் டேனிய அரசினரின் உதவியோடு காற்றாலைகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவ்விடங்களில் ஆயிரக்கணக்கில் எழுந்தவற்றுள் பெரும்பாலானவை ஆலை உரிமையாளர்களும் நிறுவனங்களும் அமைத்தவை. அவர்கள் ஓரிடத்தில் எடுத்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பியில் சேர்த்து, வேறோரிடத்திலுள்ள தம் ஆலையின் கணக்கில் கழித்துக்கொள்வர்.

ஆலைக்குரிய அவ்வழியை ஓர் ஊராட்சியும் கைக்கொண்டது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியில் தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றுவதற்கும் ஆகும் மின்கட்டணம் ஆண்டுக்காண்டு பெருகிற்று. ஊராட்சியார் தம் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் காற்று மிக்க வேறோரிடத்தில் வாங்கி நிறுத்தினர். விலை ஏறத்தாழ ஒரு கோடியே ஐம்பத்தைந்து இலட்சம் ரூபாய். ஊருக்கு வேண்டியது போக எஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அவ்விலையைக் கொண்டு ஊராட்சி வங்கிக் கடனைத் தவணை தவணையாகக் கட்டிற்று.